லோன் போடாமல் சொந்த வீடு: எங்கள் பதின்மூன்று வருடக் கணக்கு

கேள்வி: "எனக்கு வயது 31. சேலத்தில் இருக்கிறோம். நானும் மனைவியும் சேர்ந்து மாதம் 55,000 ரூபாய் வாங்குகிறோம். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. வாடகை 9,500. மாதம் பன்னிரண்டாயிரம் மிச்சமாகிறது. வங்கியில் 6 லட்சம் இருக்கிறது. 36 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். 30 லட்சம் லோன் கிடைக்கும், வரிச் சலுகையும் உண்டு என்கிறார்கள். அப்பா கடனில் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்குக் கடன் என்றாலே பயம். சிக்கனமாக இருந்து முழுப் பணத்தையும் சேர்த்து வீடு வாங்குவது இந்தக் காலத்தில் நடக்கிற காரியமா? வெள்ளிக்கிழமைக்குள் டோக்கன் 50,000 ரூபாய் ரொக்கமாகக் கேட்கிறார்கள்."

பதில்:

நடக்கும் தம்பி. நாங்கள் செய்திருக்கிறோம். ஆனால் 36 லட்சத்தையும் வங்கியில் சேர்த்துவிட்டு ஒருநாள் போய் ஃபிளாட்டை வாங்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது. நீங்கள் சேர்க்கச் சேர்க்க விலையும் ஏறும். அந்த ஓட்டத்தில் சம்பளக்காரர் ஜெயிப்பது கடினம். நடக்கிற வழி, நம் அப்பா, தாத்தா காலத்து வழிதான். முதலில் மனையை வாங்கிப் போடுங்கள். அப்புறம் அதில் சின்னதாகக் கட்டுங்கள். இரண்டையும் தனித்தனி இலக்காக வைத்தால் இரண்டுமே உங்கள் சம்பளத்துக்கு எட்டும்.

நான் திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கணக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் துவாக்குடியில், பெல் நிறுவனத்துக்கு வேலை செய்துகொடுக்கும் ஒரு பட்டறையில் வெல்டர். 2006-ல் எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்தே பத்தாயிரம்தான். அரியமங்கலத்தில் ஒண்டுக் குடித்தனம். அந்த வருடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் "வீடு" என்று எழுதி, அதற்குக் கீழே 3,000 என்று போட்டேன். சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்த தொகை அது. 2011-ல் மனை. 2018-ல் கட்ட ஆரம்பித்தோம். 2019 தை மாதம் பால் காய்ச்சினோம். ஒரு ரூபாய் வீட்டுக் கடன் கிடையாது. அந்த நோட்டு இப்போதும் பீரோவில் இருக்கிறது.

முதலில் உங்கள் லோன் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் அதை யாரும் உங்களுக்கு முழுதாகப் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள். 30 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ 26,035 ரூபாய் வரும். உங்கள் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி. முதல் மாதம் நீங்கள் கட்டும் 26,035-ல் 21,250 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785 மட்டும். 20 வருடத்தில் மொத்தம் கட்டுவது சுமார் 62.5 லட்சம். இது பரவாயில்லை, எல்லோரும் சொல்வதுதான். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது பத்தாவது வருடத்தை. அதற்குள் 31 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அன்றைக்கு வங்கியில் போய் "பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், ஏறக்குறைய 21 லட்சம் என்பார்கள். பத்து வருடத்தில் அசலில் கழிந்தது 9 லட்சம்தான்.

அந்த எட்டரை சதவீதமும் நிலையானது அல்ல. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் பலருக்கு இஎம்ஐ அப்படியே இருக்க, கட்ட வேண்டிய வருடங்கள் நீண்டுபோயின. ஓய்வு பெறும் வயதையும் தாண்டிக் கடன் ஓடும் என்று தெரிந்து ஒருவர் என் மேசைக்கு முன்னால் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வரிச் சலுகை விஷயம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வருமான வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. நீங்கள் இருவரும் சேர்ந்தே வருடத்துக்கு 6.6 லட்சம்தான் வாங்குகிறீர்கள். கட்டாத வரிக்கு என்ன சலுகை? உங்கள் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

சரி, மனை வழியின் கணக்கு.

கையில் இருக்கும் 6 லட்சத்தில் ஒன்றரை லட்சத்தைத் தொடவே தொடாதீர்கள். வேலை போனால், உடம்புக்கு முடியாமல் போனால், அதற்கு. மிச்சம் நாலரை லட்சம். இதோடு மாதம் 22,000 சேர்த்தால் இரண்டரை வருடத்துக்குள் 10.8 லட்சம் வந்துவிடும். இதில் 10 லட்சத்துக்கு மனை. நகரத்துக்குள் கிடைக்காது; வெளியே, பஸ் போகும் சாலையிலிருந்து நடக்கிற தூரத்தில் 1,000 சதுர அடி பாருங்கள். பதிவுச் செலவு தமிழ்நாட்டில் மனைக்கு மொத்தம் 9 சதவீதம்: முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2. ஒரு சின்ன உபகாரம் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மனைவி பெயரில் வாங்குங்கள், 90,000 ஆகிற இடத்தில் 80,000 ஆகும். நான் சொன்ன 10.8 லட்சத்துக்கு உள்ளேயே அடங்கிவிடும். எங்கள் மனை என் பெயரில்தான் இருக்கிறது. சலுகையெல்லாம் இல்லாத காலத்திலேயே என் வீட்டுக்காரர் அப்படிப் பதிந்தார்.

அடுத்து கட்டடம். 650 சதுர அடி, சதுர அடிக்கு 2,400 என்று போட்டால் 15.6 லட்சம். மாதம் அதே 22,000 என்றால் ஆறு வருடம். இடையில் கட்டுமானச் செலவு ஏறும்தான். உங்கள் சம்பளமும் ஏறும், சேர்த்த பணத்துக்கு வட்டியும் வரும். ஆக எட்டரை, ஒன்பது வருடத்தில், உங்கள் நாற்பதாவது வயதில், பத்திரம் பீரோவில் இருக்கும் ஒரு வீடு. அந்த ஒன்பது வருட வாடகை பத்துப் பன்னிரண்டு லட்சம் போகும், அதை மறைக்க மாட்டேன். அதையும் கூட்டினால் மொத்தம் 40 லட்சத்தை ஒட்டி வரும். ஃபிளாட்டுக்கு 6 லட்சம் முன்பணம், 62.5 லட்சம் தவணை, பதிவுச் செலவு. லோன் போட்டவர் முதல் நாளிலிருந்தே சொந்த வீட்டில் இருப்பார் என்பது உண்மை. அந்த வசதிக்குத்தான் அவ்வளவு விலை. உங்களுக்கு அது வேண்டுமா என்பதை நீங்களும் மனைவியும்தான் தீர்மானிக்க வேண்டும்.

மனையை ஏன் முதலில் வாங்கச் சொல்கிறேன் என்றால், இரண்டில் எது கையை மீறிப் போகும் என்று பாருங்கள். சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். சில சமயம் இறங்கவும் செய்யும். 2025 செப்டம்பரில் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. ஆனால் பக்கத்தில் ஒரு ரோடு வந்தால், ஒரு கல்லூரி வந்தால், மனை விலை இரண்டு வருடத்தில் இரண்டு மடங்கு ஆகிவிடும். நாங்கள் 2011-ல் திருவெறும்பூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, சதுர அடி 190 ரூபாய் என்று 1,200 சதுர அடி வாங்கினோம். 2,28,000 ரூபாய். கையிருப்பு போதாமல் என் வளையல் இரண்டு பவுன் விற்றோம். கட்ட ஆரம்பித்த 2018-ல் அதே மனையை வாங்க வேண்டியிருந்தால் எங்களால் முடிந்திருக்காது.

அந்த மனையை அளந்த நாள் இன்னும் கண்ணில் இருக்கிறது. பங்குனி வெயில். நாலு மூலைக் கல்லில் மூன்றுதான் தெரிந்தது, நாலாவது புல்லுக்குள். சர்வேயர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, என் வீட்டுக்காரர் நெருஞ்சி முள்ளில் காலை வைத்துக்கொண்டு கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்தார். "டங்" என்று ஒரு சத்தம். கல்! அதைத் தோண்டி மண்ணைத் துடைத்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்லைத் தேடாமல் மனையை வாங்காதீர்கள். பக்கத்து மனைக்காரர் இரண்டடி உள்ளே வந்திருந்தால் அன்றைக்கே தெரிய வேண்டும், வீடு கட்டும்போது தெரியக் கூடாது.

அதே இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லிச் சதுர அடி 110-க்கு விற்றார்கள். எங்களுக்கும் ஆசைதான். என் அலுவலகத்தில் பெரியவர் ஒருவர், "டிடிசிபி அப்ரூவல் நம்பர் இல்லாத மனையைத் திரும்பியும் பார்க்காதேம்மா" என்று சொன்னார். டிடிசிபி என்றால் மனைப் பிரிவுகளுக்கு அனுமதி தரும் அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியத் தடை போட்டபோதுதான் அந்த வார்த்தையின் அருமை புரிந்தது. அந்தப் பக்கம் வாங்கியவர்கள் விற்கவும் முடியாமல், வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தபின் அதற்குக் கட்டணமும் கட்டி அலைந்தார்கள். சதுர அடிக்கு 80 ரூபாய் சிக்கனம் செய்யப் போய் வந்த வினை. சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது பத்திரம்தான். வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்க ஐயாயிரமோ பத்தாயிரமோ ஆகட்டும், கொடுங்கள்.

வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி ஆகிவிடாதீர்கள். நாங்கள் முதலில் முடிவு செய்த மனையில் முப்பது வருட வில்லங்கம் சுத்தமாக இருந்தது. மூலப்பத்திரத்தைப் படித்த வக்கீல்தான் கேட்டார், "தாத்தா சொத்து, நாலு பேரன்மார் கையெழுத்துப் போடுகிறார்கள், அவர்கள் கூடப் பிறந்த பெண்கள் யாரும் இல்லையா?" ஒரு அக்கா இருந்தார், மும்பையில். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு சட்டமாகிவிட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. வாரிசுச் சான்றில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் கையெழுத்து வேண்டும். அந்த அம்மா சம்மதிக்கவில்லை என்று தெரிந்ததும் விலகிவிட்டோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, புலப்படத்தில் (அரசின் நில அளவைப் படம்) பாதை இருக்கிறதா, விற்பவர் பவர் ஏஜென்டா, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையெல்லாம் வக்கீலைப் பார்க்க வையுங்கள்.

இப்போது பன்னிரண்டாயிரத்தை இருபத்திரண்டாயிரம் ஆக்குவது எப்படி என்று கேட்பீர்கள். டீ குடிக்காதே, சினிமா போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. இருபது வருடமாக மற்றவர்கள் கணக்கையும் எங்கள் கணக்கையும் எழுதியதில் நான் கண்டது, வீடு நிற்பதும் விழுவதும் மூன்று செலவில்தான்: வாடகை, வண்டி, விசேஷம். மற்றதெல்லாம் நூறு இருநூறு. ஈ.பி. பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் விலைக் கணக்கே மாறிவிடும். ரீடிங் எடுப்பதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரைப் பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு.

வாடகையில் எங்களைத் தூக்கிவிட்டது ஒத்தி வீடு. உங்கள் பக்கம் போக்கியம் என்றோ லீஸ் என்றோ சொல்வார்கள். 2013-ல் 2 லட்சம் கொடுத்து ஒத்திக்குப் போனோம். வாடகை இல்லை, காலி செய்யும்போது அந்த 2 லட்சம் திரும்ப வரும். அப்போது வாடகை 3,500. ஐந்தரை வருடத்தில் இரண்டே கால் லட்சத்துக்கு மேல் மிச்சம். அதைவிட முக்கியம், அந்த 2 லட்சம் எங்கள் கைக்கு எட்டாமல் இருந்தது. கொழுந்தனார் கடை வைக்கிறார், நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து என்று ஒவ்வொரு தடவை பணம் கேட்டு வரும்போதும், "ஒத்தியில் போட்டிருக்கிறோம்" என்று உண்மையைச் சொல்ல முடிந்தது. ஆனால் ஆபத்தும் உண்டு. நாங்கள் காலி செய்கிறோம் என்று சொன்னபோது வீட்டு ஓனர் பணத்தைத் திருப்பித் தர ஐந்து மாதம் இழுத்தார். கட்டட வேலை நடக்கும் நேரம். சாவியைக் கொடுக்காமல் அங்கேயே இருந்துதான் வாங்கினோம். அந்த வீட்டின் மேல் ஓனர் வங்கிக் கடன் வாங்கியிருந்தால் உங்கள் பணத்துக்கு உத்தரவாதமே இல்லை. அதனால் ஒத்திக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பணத்தை வங்கி மூலமே கொடுங்கள், எழுதிக்கொள்ளும் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சேமிப்பு முழுவதையும் ஒத்தியில் போட்டுவிடவும் வேண்டாம்.

வண்டிக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஓடுகிற வண்டியை ஓட்டுங்கள். இஎம்ஐ-யில் புது பைக், புது போன் எடுக்கும் ஒவ்வொரு முறையும் வீடு ஒரு வருடம் தள்ளிப் போகிறது. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது வந்ததிலிருந்து எனக்கு மாதம் எண்ணூறு ரூபாய் மிச்சம். உங்கள் மனைவி வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பஸ் போகிறதா என்று பாருங்கள்.

விசேஷம்தான் கடினமானது, அங்கே மானம் இருக்கிறது. நாங்கள் செய்தது, மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, யார் நமக்கு எவ்வளவு செய்தார்களோ அதையே திருப்பிச் செய்தோம், கூட்டிச் செய்யவில்லை. போகாமல் இருக்கவில்லை, முதல் ஆளாகப் போய் வேலையை இழுத்துப் போட்டுச் செய்தோம். எங்கள் பெண்ணுக்குப் பிறந்தநாள் வீட்டில் கேசரியோடு. சிலர் பேசினார்கள். என் மாமியார் ஒரு தடவை எல்லோர் முன்னாலும், "இவர்கள் மண் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், உங்களில் யார் வாங்கினீர்கள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு நின்றது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்து வைத்து லட்சக்கணக்கில் திரட்டி வீடு கட்டுகிறார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவும் வட்டியில்லாக் கடன். அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் திருப்பிச் செய்யும் கணக்கு பிடிபடும்.

தங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேமிப்பு என்று நகையாக வாங்காதீர்கள். சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் வாங்கிய அன்றே போய்விடும். நான் விற்ற வளையலுக்குச் சேதாரம் திரும்பி வரவில்லை.

பணத்தை எங்கே போடுவது? இரண்டரை வருடத்தில் மனை வாங்கப் போகிற பணத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு போகாதீர்கள். மனை அமைகிற வாரத்தில் சந்தை விழுந்திருக்கும். வங்கி ஆர்டி, எஃப்டி போதும். ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு உண்டு என்பதால், அதற்கு மேல் போனால் இரண்டு வங்கியில் பிரியுங்கள். கட்டடத்துக்கான பணத்துக்குத் தபால் அலுவலக ஐந்து வருட ஆர்டி நல்லது. 2023 அக்டோபரிலிருந்து அதற்கு 6.7 சதவீத வட்டி. மாதம் 10,000 கட்டினால் ஐந்து வருடத்தில் சுமார் 7,13,000 கிடைக்கும். குறைவுதான். ஆனால் உறுதி.

சீட்டு போடுவதில் எனக்கு ஒரு காயம் இருக்கிறது. 2008-ல் தெரிந்த ஒருவர் நடத்திய சீட்டில் 40,000 போனது. அது எங்களுடைய ஒரு வருடச் சேமிப்பு. அன்று இரவு நோட்டைத் திறந்து 40,000-ஐக் கழித்து எழுதும்போது கை நடுங்கியது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஓவர்டைம் கேட்டு வாங்கினார். சீட்டு தப்பான விஷயம் அல்ல. ஆனால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக் குழுவும் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்கிப் பதிந்திருக்க வேண்டும், நடத்துபவர் ஈடு கட்டியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், ஒப்பந்த நகலைக் கேளுங்கள். "நம்மகிட்ட போய் இதெல்லாம் கேக்கலாமா?" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஒரு ஆஸ்பத்திரி பில் மனைப் பணத்தை முழுதாக விழுங்கிவிடும். குழந்தையின் பால், முட்டை, பழத்தில் கை வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் ரயிலில் ராமேஸ்வரம் போனோம், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு. இறுக்கிப் பிடித்தால் இரண்டு வருடத்தில் கயிறு அறுந்துவிடும். இது ஒன்பது வருட வேலை.

கட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். 650 சதுர அடி மூன்று பேருக்குத் தாராளம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சின்ன அறை, சமையலறை, குளியலறை. மாடிக்கு அஸ்திவாரம் மட்டும் தாங்கும்படி போட்டுக்கொள்ளுங்கள். அனுமதிக்கு முன்பு போல அலைய வேண்டாம்: 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு ஆன்லைனில் சுயசான்று கொடுத்து உடனடியாக அனுமதி வாங்கலாம். மனை அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் வேலை சுலபம்.

பணம் பாதி இருக்கும்போதே ஆரம்பிக்கலாமா என்றால், நிறுத்துகிற இடம் தெரிந்தால் ஆரம்பிக்கலாம். அஸ்திவாரம் போட்டு பேஸ்மெண்ட் மட்டத்தில் மண் நிரப்பி நிறுத்தலாம், ஒரு மழைக்காலம் போனால் மண் நன்றாக இறுகும். அடுத்தது கூரை கான்கிரீட் முடிந்ததும் நிறுத்தலாம். நடுவில், பில்லர் நிற்க, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்க நிறுத்தவே கூடாது. கம்பி துருப்பிடிக்கும், சுவர் நனையும், செலவு இரட்டிப்பாகும். எங்கள் மேஸ்திரி மேலே நீட்டி விட்ட கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் அடித்து வைத்தார், அதைக்கூடக் கேட்டுச் செய்ய வையுங்கள்.

நாங்கள் லேபர் காண்ட்ராக்ட் கொடுத்துப் பொருளை நாங்களே வாங்கினோம். ஒவ்வொரு லோடு எம்-சாண்டும் வரும்போது ஒருவர் அங்கே நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் மாற்றிக்கொண்டார். செங்கலில் ஒரு வழி இருக்கிறது. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய 'ராட் ட்ராப்' கட்டு முறையில் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். கால்வாசி செங்கல் மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. ஆனால் அது கைவந்த கொத்தனார் வேண்டும். எங்களுக்கு அமையவில்லை, தெரியாதவரைப் பழக வைத்துக் கட்டுவதைவிட வழக்கமான கட்டே மேல் என்று விட்டுவிட்டோம். உங்கள் பக்கம் ஆள் இருந்தால் விசாரியுங்கள்.

610 சதுர அடிக்கு, குடிபோகிற நிலைக்கு வர எங்களுக்கு ஒன்பதரை லட்சம் ஆனது. குடிபோகிற நிலை என்றால் என்ன தெரியுமா? வாசல் கதவும் குளியலறைக் கதவும் மட்டும் இருந்தன. உள் அறைகளுக்கு என் பழைய கைத்தறிப் புடவையைக் கிழித்துத் திரை போட்டோம். தரை வெறும் சிமெண்ட். சுவருக்கு ஒரு கோட்டு வெள்ளை. பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் உட்காரப் பக்கத்து வீட்டில் பாய் வாங்கி விரித்தேன். அன்று இரவு மூன்று பேரும் ஹாலில் படுத்திருந்தோம். ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் பெண் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல ஆணி அடிக்கலாமா?" என்று கேட்டாள். அதுவரை இருந்த வீட்டிலெல்லாம் ஆணி அடித்தால் ஓனர் திட்டுவார். என் வீட்டுக்காரர் எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார், ராத்திரி பதினொரு மணிக்கு. டைல்ஸும் கதவுகளும் அடுத்த இரண்டு வருடத்தில் சம்பளத்திலிருந்தே போட்டோம். இன்னொரு ஒன்றே முக்கால் லட்சம்.

எல்லோரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். சென்னைக்குள்ளேயே இருந்தாக வேண்டியவர்களுக்கு மனை வழி எட்டாது. பெற்றோருக்கு உடம்பு சரியில்லை, அடிக்கடி வீடு மாற்ற முடியாது என்றால் சின்ன லோன் நல்லதுதான். கையில் பணம் தங்காதவர்களுக்கு இஎம்ஐ ஒரு கட்டாயச் சேமிப்பாக இருக்கும். நீங்களும்கூடக் கடைசியில் மூன்று, நாலு லட்சம் குறைந்தால், மனையும் கூரையும் கையில் இருக்கும்போது ஐந்து வருடக் கடனாக வாங்கி முடித்துக்கொள்ளலாம். நான் வேண்டாம் என்பது வருமானத்தில் பாதியை இருபது வருடத்துக்கு எழுதிக் கொடுப்பதை.

வெள்ளிக்கிழமை விஷயம். அந்த 50,000-ஐக் கொடுக்காதீர்கள். சொத்து வாங்க விற்க 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை, அட்வான்ஸும் அதில் அடக்கம். ரொக்கமாகக் கேட்பதே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஃபிளாட் ரெராவில் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிந்திருக்கிறதா என்று எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் பத்து சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கவும் கூடாது. ஒருவேளை எல்லாவற்றையும் யோசித்துவிட்டு ஃபிளாட்தான் என்று இருவரும் முடிவெடுத்தால், பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். "லோன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த 50,000 உங்கள் மனைக்கு ஐம்பது சதுர அடி தம்பி.